கண்ணை மூடிச் சொன்னவை

மார்ச் 6, வியாழன்

பொறுப்பாளர் கூட்டம் மாலை ஐந்தரைக்கு ஆலயத்தின் பின்னறையில் நடந்தது. வந்தவர்கள் மூவர்: சிறுவர் சங்கத் தலைவர் பொன்னுத்துரை, பாட்டும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்கும் ஹெப்சிபா டீச்சர், செயலாளராகிய நான். விளையாட்டுப் பொறுப்பாளர் ஜெபசிங் வரவில்லை. தொடர்ந்து இது நான்காவது கூட்டம். சனிக்கிழமைகளில் டியூட்டி இல்லாவிட்டால் வருகிறான். பிள்ளைகளோடு கால்பந்து ஆடுகிறான். முடிவு ஜெபத்துக்கு முன்பே பந்தை அறையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். எங்கள் மூவரிடமும் பேச்சு இல்லை. கூட்ட நோட்டில் 'ஜெபசிங் வரவில்லை' என்று எழுதினேன். 'தகவலின்றி' என்று சேர்க்கச் சொன்னார் துரை. சேர்த்தேன்.

இந்த வருட முகாம் மே 1 முதல் 3 வரை, மணிமுத்தாற்றில். பல ஆலயங்கள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் விதி கண்டிப்பானது: எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், ஒவ்வொருவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர், நாங்கள் நால்வர். ஒருவர் குறைந்தால் முகாம் இல்லை.

"ஜெபசிங்கிட்ட நீங்க பேசிருங்க சார்" என்றார் துரை. "நான் பேசினா சண்டையாப் போயிரும். உங்க மேல அவனுக்கு மரியாதை உண்டு."

மறுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கூட்டங்களில் முக்கியமான பேச்செல்லாம் முடிவு ஜெபத்தில்தான் நடக்கிறது. நேருக்கு நேர் சொல்லக் கூசுவதை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறோம். கேட்க வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். இன்று டீச்சர், "கீபோர்டு வயரை வீட்டுக்கு எடுத்துச் சென்ற கரங்களை ஆசீர்வதியும், சனிக்கிழமைக்குள் அதைத் திருப்பிக் கொண்டுவர நல்ல மனதைத் தாரும்" என்று ஜெபித்தார். துரை மூடிய கண்களோடு இருமினார். பிறகு துரை, "பொறுப்பை ஏற்றுக்கொண்டு தூரத்தில் நிற்கிற உம்முடைய பிள்ளையின் இருதயத்தைத் தொடும்" என்றார். என் முறை வந்தபோது மழைக்காக ஜெபித்தேன்.

துரையின் ஜெபத்துக்கு நானும் ஆமென் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

ஜெபசிங் மின்வாரியத்தில் வயர்மேன். காலையில் கூப்பிட்டால் கம்பத்தில் இருப்பான்; அந்த நேரத்தில் சட்டைப்பைக்குள் போன் அடிப்பது ஆபத்து. மதியம் சாப்பாட்டு நேரம். மாலையில் களைத்திருப்பான். பேசவில்லை.

மார்ச் 8, சனி

சங்கத்துக்கு இருபத்தொன்பது பிள்ளைகள். ஆஜர் எடுத்தேன். என் வழக்கப்படி மூன்று முறை: வந்ததும் ஒரு தரம், விளையாட்டுக்கு முன் ஒரு தரம், போகும்போது ஒரு தரம். போன வருட முகாமுக்குப் பிறகு இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். பின்வரிசையில் ஒருவன், "மூணு தடவை உள்ளேன்னு சொன்னா மூணு பேராயிருவோமா சார்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, ஒரு தரம் போதாதா என்று தனியாகக் கேட்டார். வயதாகிவிட்டது, மறந்துபோகிறது என்றேன். எனக்கு மறதி இல்லை. முப்பத்துநான்கு வருடம் கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதியவன். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

ஜெபசிங் வந்திருந்தான். நான் முகாம் படிவங்களை அடுக்கி முடிப்பதற்குள் அவன் பைக் கிளம்பிவிட்டது. படிவங்கள் பதினைந்தே. அவற்றை அடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

மார்ச் 11, செவ்வாய்

கடிதமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'அன்பார்ந்த தம்பி ஜெபசிங்குக்கு' வரை நன்றாக வருகிறது. இரண்டாவது வரியில் 'போன வருடம்' என்று பேனா தானே எழுதிவிடுகிறது. நான்கு தாள் வீணாயிற்று.

மார்ச் 13, வியாழன்

பொறுப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் முகாம் அறிவிப்பைப் போட்டேன். தேதி, இடம், வேன் கிளம்பும் நேரம், கொண்டுவர வேண்டிய பொருட்கள் என வரிசை எண் கொடுத்துப் பதினொரு குறிப்புகள். கடைசியில், 'நால்வரும் வருவதை உறுதிசெய்யவும்' என்று சேர்த்தேன். துரை கட்டைவிரல் போட்டார். டீச்சர் கைகூப்பும் படம் போட்டார். அது சரி என்பதா, ஜெபிப்போம் என்பதா, தெரியவில்லை. ஜெபசிங் பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது. வேறொன்றும் இல்லை.

மாலை வரை போனை நாற்பது தரமாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

மார்ச் 19, புதன்

என் மனைவி சுகிர்தம் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "ஜெபசிங் பொண்டாட்டி என்னையப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிட்டுப் போறா. நீங்க என்ன பண்ணினிய அவங்களுக்கு?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன். அது உண்மை. நான் ஒன்றும் செய்யவில்லை.

"ஒண்ணும் பண்ணாதவருக்கு எதுக்கு மூஞ்சி இப்படி வெளிறிப் போவுது?" என்று கேட்டுவிட்டுக் கத்திரிக்காயைக் கொட்டினாள். நாற்பத்தாறு வருடமாக இப்படித்தான் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவாள். அதற்காக அவளுக்கு நன்றியோடு இருந்திருக்கிறேன். இன்று, கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 26, புதன்

தபால் நிலையத்திலிருந்து திரும்பும்போது எங்கள் தெருமுனையில் மின்சாரம் நிறுத்தி வேலை நடந்தது. கம்பத்தின் மேலே இருந்தது ஜெபசிங். அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். கீழே ஏணியைப் பிடித்திருந்தவர், "உன்னையத்தான் பாக்காருல" என்று மேலே குரல் கொடுத்தார்.

"என்ன சார்?" என்றான் ஜெபசிங்.

தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவனோ இருபது அடி உயரத்தில். 'முகாமுக்கு வருவாயா' என்று நான் கத்த வேண்டும். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கத்த வேண்டும். அவன் மேலிருந்து ஏன் என்று சொல்லிவிட்டால்?

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதற்கோ காத்திருப்பது போலத் தெரிந்தது. பிறகு, "வெயில்ல நிக்காதீங்க சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கூட்டம். விண்ணப்பம் நாளை குருவானவர் கையில் இருக்க வேண்டும். ஜெபசிங்கிடம் பேசினீர்களா என்று துரை கேட்டார். "பார்த்தேன். பேசினேன்" என்றேன்.

இரண்டும் நடந்தவைதான். பார்த்தேன், நாலு சொல் பேசினேன்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேம்லா, சார் பேசினா கேப்பான்னு" என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னார். நான்காவது இடத்தில் ஜெபசிங் பெயரை எழுதினார். அவன் கையெழுத்துக்கு நேரமில்லை. செயலாளர் அவனுக்காகப் போடலாம் என்று குருவானவர் சொல்லியிருக்கிறாராம். தாளை என் பக்கம் தள்ளினார். இதுதான் சொல்ல வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினேன். 'ஜெபசிங்குக்காக, ஞா. ஞானாபரணம், செயலாளர்.' கை நடுங்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

டீச்சர் ஜெபத்தில் எனக்காக விசேஷமாக நன்றி செலுத்தினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

விண்ணப்பம் குருவானவர் கைக்குப் போய்விட்டது. கஞ்சி.

ஏப்ரல் 5, சனி

எப்படி எழுதுவது? நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாலேகாலுக்குத் துரை பிள்ளைகளிடம் முகாம் பொறுப்பாளர்களின் பெயர்களை வாசித்தார். ஜெபசிங் பெயர் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் டியூட்டியில் இருந்தான், வரவில்லை. ஐந்து மணிக்கு மகனைக் கூட்டிப்போக ராஜமணி வந்தார். மகராஜநகரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். நாலாம் வகுப்பு படிக்கும் ஜெரினின் தகப்பனார். ஜெரின்தான் போன வருடம் மணிமுத்தாறு பூங்காவில் விடுபட்டுப்போன பையன். எங்கள் வேன் அவனை விட்டுவிட்டுக் கிளம்பி, கல்லிடைக்குறிச்சி தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தோம். ஜெபசிங் யாரிடமோ பைக்கை இரவல் வாங்கித் திரும்பிப் போனான். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு வாட்ச்மேன் பக்கத்தில் பையன் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேல். அழுது முடித்திருந்தான்.

ராஜமணி பிள்ளைகள் முன்னிலையில் சத்தம் போட்டார். வேன் பொறுப்பில் இருந்து தன் மகனைத் தொலைத்தவனை மறுபடியும் எப்படிப் போட்டீர்கள் என்றார். "அவன் வந்தா எம்புள்ள வரமாட்டான். எம்புள்ள மட்டுமில்ல, இன்னும் ஏழெட்டுப் பேரு பேசி வச்சிருக்கோம்." துரை அவரை அணைத்தபடி வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

நான் ஆஜர்ப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

துரை வீட்டுக்கு வந்தார். ஞாயிறு முழுக்க யோசித்தாராம். ஒருவனுக்காக எட்டுப் பேரை இழக்க முடியாது. அவனுக்கும் சங்கத்தில் ஈடுபாடு இல்லை. கூட்டங்களுக்கு வராததே போதிய காரணம். 24ஆம் தேதி சிறப்புக் கூட்டம். ஜெபசிங்கை அழைத்து, போன வருடத்துத் தீர்மானத்தை அவன் முன் வாசித்து, பொறுப்பிலிருந்து நீக்குவது. அவன் இடத்துக்கு வேறொருவரைப் பார்த்துக்கொள்வாராம்.

"கூட்ட நோட்டை மறக்காமக் கொண்டாங்க சார். நீங்கதான் வாசிக்கணும்."

சுகிர்தம் காபி கொண்டுவந்து வைத்தாள். துரை போன பிறகு, அந்தப் பையன் சங்கத்தில் எத்தனை வருடமாக இருக்கிறான் என்று கேட்டாள். ஏழு வயதில் பிள்ளையாகச் சேர்ந்தவன். இருபத்தேழு வருடம் என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். போன வருடம் மே மாதக் கூட்டம், தீர்மானம் 4: 'முகாம் பயணத்தின்போது சிறுவன் ஒருவன் விடுபட்டது, வேன் பொறுப்பாளர் திரு. ஜெபசிங் அவர்களின் கவனக்குறைவால் நேர்ந்தது என இக்கூட்டம் வருத்தத்துடன் பதிவு செய்கிறது.' என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. துரை சொல்லச் சொல்ல எழுதியது.

அதில் பொய் இல்லை. வேன் பொறுப்பாளர் ஜெபசிங்தான். ஆட்களை ஏற்றிக் கதவைச் சாத்தியது அவன்தான். கூட்டத்தில் துரை கேட்டபோது அவனே எழுந்து, "என் பொறுப்புதான்" என்றான்.

வேனில் பேர் வாசித்தது யார் என்று தீர்மானத்தில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலைப் பவனி. ஜெபசிங் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எழுபத்திரண்டு வயதில் தூணுக்குப் பின்னால்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனையில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இரத்த அழுத்தம் என்று சுகிர்தத்திடம் சொன்னேன். அவள் இன்னும் ஆலயத்தில் இருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன், எழுதினால் என்ன ஆகிவிடும்?

அன்று மாலை வேனில் நான் முன் இருக்கையில் இருந்தேன். பிள்ளைகள் பாடிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். நான் ஆஜர்ப் புத்தகத்தைத் திறந்து பேர் வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'அமைதி' என்று ஒரு தரம் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. எழுந்து திரும்பி நின்று சத்தம் போட்டிருக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் சத்தம் போட்டதில்லை. பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயம். ஐந்தாறு பேருக்குப் பதில் வந்தது போலிருந்தது. மற்றவர்களுக்கும் குறி போட்டேன். காலையில் வந்தவர்கள்தானே, எங்கே போயிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு குறிகள், ஒரே அளவில், ஒரே சாய்வில்.

ஜெபசிங் கதவுப் பக்கமிருந்து, "கணக்கு சரியா சார்?" என்று கேட்டான்.

"சரி" என்றேன்.

அவன் வேனைத் தட்டினான். வண்டி கிளம்பியது.

கூட்டத்தில் 'என் பொறுப்புதான்' என்று சொல்லிவிட்டு உட்காரும் முன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. யாரும் பேசாத ஒன்றை எடுத்துப் பேசுவது எப்படி? பிறகு நாள் கூடக்கூட, தவறை மட்டுமல்ல, இத்தனை நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கனத்துவிட்டது.

சுகிர்தம் வருகிறாள். கேட் சத்தம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆராதனை. பிரியாணி. மகன் சென்னையிலிருந்து பேசினான். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 23, புதன்

நாளை கூட்டம். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. நோட்டை மட்டும் டீச்சரிடம் கொடுத்தனுப்பினால் அவர் வாசித்துவிடுவார். அப்படி வாசிக்கும்போது நான் இங்கே என்ன செய்துகொண்டிருப்பேன்?

ஏப்ரல் 24, வியாழன்

ஜெபசிங் டியூட்டிக்கு நடுவே வந்தான். கையில் ஹெல்மெட். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். துரை பேச்சை நீட்டவில்லை. தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'வருத்தத்துடன்' என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன்.

ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று துரை அவனிடம் கேட்டார்.

"எழுதினவரே வாசிச்சிட்டார். நான் சொல்ல என்ன இருக்கு?" என்றான்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. இஷ்டமில்லாதவன் எதற்கு முகாமுக்கு வருவதாகச் சொன்னாய், இப்போது பெற்றோர் முன்னால் எங்கள் முகம் கெட்டுப்போயிற்று என்றார். ஜெபசிங் நிமிர்ந்தான். "வாறேன்னு நான் யார்ட்ட சொன்னேன்?"

துரையும் டீச்சரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டின் ஓரத்தை நேராக்கினேன்.

டீச்சர்தான், ஜெபம் பண்ணிவிட்டு முடிவெடுப்போம் என்றார். ஒரு நிமிடம் கிடைத்ததே என்று எனக்கு மூச்சு வந்தது. எல்லாரும் கண்ணை மூடினோம். துரை ஒற்றுமைக்காக ஜெபித்தார். டீச்சர் ஞானத்துக்காக ஜெபித்தார். பிறகு என் முறை.

இப்போது சொல்லிவிடலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. ஆரம்பித்தேன்: "பரலோகப் பிதாவே, அந்த நாளிலே புத்தகத்தைக் கையில் பிடித்திருந்த உம்முடைய பலவீனமான அடியானை..."

"சார்."

ஜெபசிங்கின் குரல். எங்கள் சங்கத்தில் யாரும் யாருடைய ஜெபத்தையும் இடைமறித்ததில்லை.

"அது யாருன்னு அவருக்குத் தெரியும் சார். கண்ணைத் தொறந்து எங்ககிட்ட சொல்லுங்க."

கண்ணைத் திறந்தேன். துரை இன்னும் மூடியிருந்தார். டீச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபசிங் என் எதிரே, முழங்கையை முழங்காலில் ஊன்றியபடி இருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நான் எண்ணல" என்றேன். "வேன்ல பேர் வாசிச்சேன். யாரு பதில் சொன்னாங்க, யாரு சொல்லலன்னு கேக்கல. எல்லாருக்கும் டிக் போட்டேன். தம்பி சரியான்னு கேட்டான், சரின்னுட்டேன். என்னை நம்பித்தான் வண்டியை எடுக்கச் சொன்னான். இந்த ஃபாரத்துலயும் அவன்கிட்ட கேக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

 வெளியே யாரோ ஆலய முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வருசம் ஆகப்போவுது சார்" என்றார் டீச்சர், மெதுவாக.

"அன்னைக்கு நான் எந்திரிச்சி சொன்னது, பக்கத்துல நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான்" என்றான் ஜெபசிங். "அடுத்த வாரம் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதுக்கடுத்த வாரம். போன மாசம் கம்பத்துக்குக் கீழ வந்து நின்னீங்க. இன்னைக்குச் சொல்லிருவார்னு நெனச்சேன். சும்மான்னுட்டுப் போயிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"ஜெபத்தை முடிங்க. எனக்கு டூட்டி இருக்கு."

துரைதான் ஆமென் சொன்னார்.

நீக்கும் பேச்சு அதோடு போயிற்று. துரை கூட்ட நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, ராஜமணியிடம் தான் பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நானே போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் சுகிர்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இந்த முறை எங்கும் போகாமல் நின்று கேட்டாள். "சட்டையை மாத்திட்டுக் கடைக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் குருவானவரிடம் போய் நடந்ததைச் சொல்லி, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு பெயிண்ட் கடை. இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். மூன்றாவது ஆள் வந்தார். இப்படியே நின்றால் மாலை வரை நிற்பேன் என்று தெரிந்தது. எல்லாருக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ராஜமணி டப்பாவைக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்ததெல்லாம் சொன்னார். படித்தவர், பெரியவர் என்று நம்பிப் பிள்ளையை விட்டோமே என்றார். பிறகு சத்தம் தணிந்து, "போன வருசம் அந்தப் பையனை இந்தக் கடையில வச்சு நாலு பேருக்கு முன்னால வாய்க்கு வந்தபடி பேசினேனே சார், வாயைத் தொறக்காம நின்னானே" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கேட்டார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஏசியிருப்பேன். ஒரு நாள் ஏசியிருப்பேன். அதுக்கா இத்தனை நாளு?"

 ஆமாம் என்றேன்.

ஜெபசிங் எண்ணுவதாக இருந்தால் மகனை அனுப்புவேன், மற்றவர்களிடமும் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஜெபசிங் வருவானா என்று தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு இலகுவாக இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

ஆஜரை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஒரே தரம் எடுத்தார், சத்தமாக. ஜெபசிங் வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆலயத்தில் விஷயம் பரவிவிட்டது. வழக்கமாகக் கைகொடுக்கிற இருவர் கொடுக்கவில்லை. துரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகாமுக்கு நான்கு நாள். நான்காவது பெயர் இல்லை. துரை சொல்லி வைத்த ஆளும் பின்வாங்கிவிட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. ஜெபசிங். ஒரு வருடத்தில் முதல் தரம். எடுத்து, ஹலோ சொல்வதற்குள் அவனே பேசினான்.

"சார், கேக்குதா? ஒண்ணாந்தேதியும் ரெண்டாந்தேதியும் எனக்கு டூட்டி. மாத்திக் கேட்டிருக்கேன். கெடைச்சா வாறேன், கெடைக்கலன்னா வரமாட்டேன். ரெண்டுல எதுன்னாலும் நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லுதேன்."

வைத்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே தாளில் எழுதி வைத்தேன். எங்கள் சங்கத்தில் இத்தனை வருடத்தில் ஒருவரும் இவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான்கு மணியிலிருந்து போன் பக்கத்தில் இருந்தேன். நாலே முக்காலுக்கு அடித்தது. டியூட்டி மாறவில்லை. சனிக்கிழமை மட்டும் அவனுக்கு ஓய்வு. அவ்வளவுதான் சொன்னான்.

உடனே துரையைக் கூப்பிட்டேன். அவர் நொந்துபோனார். மூவராகவே போய்விடலாம், ஃபாரத்தில் யாராவது ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளலாம், மூன்று நாள்தானே என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல; பிள்ளைகள் ஏமாந்துபோவார்களே என்ற தவிப்பு.  "இல்ல துரை. நான் போட மாட்டேன்" என்றேன்.  ஒரு நாள் முகாமாக, சனிக்கிழமை மட்டும் வைத்தால் நால்வர் உண்டு என்றேன். மூன்று நாளைக்கும் இடம் சொல்லி வைத்தாயிற்று, எல்லா வீட்டிலும் மூட்டை கட்டியிருப்பார்கள், இப்போது யார் அத்தனை பேருக்கும் சொல்வது என்று கேட்டார்.

நான் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

காலை ஒன்பது மணிக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு வீடுகள். முதல் மூன்று வீட்டுக்கும், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்து வாசித்தேன். நான்காவது வீட்டில் ஒரு தாய், ஏன் என்று கேட்டார். அதற்குத் தாளில் ஒன்றும் இல்லை. ஆள் போதவில்லை, போதாமல் கூட்டிக்கொண்டு போவது பிழை, போன வருடம் பிழை என்னுடையது என்றேன்.  பிறகு, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதன் பிறகு தாளைப் பார்க்கவில்லை.

சிலர் கோபப்பட்டார்கள். ஒரு பையன் போனிலேயே அழுதான். ஒரு தகப்பனார், கிழவர்களை வைத்துச் சங்கம் நடத்தினால் இப்படித்தான் என்றார். சுகிர்தம் நடுவே இரண்டு தரம் மோர் கொண்டுவந்து வைத்தாள். ராஜமணி மட்டும், "சரி சார், சனிக்கிழமை நானே கொண்டாந்து விடுதேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. இன்னும் ஒரு எண் மிச்சம். சாப்பாட்டு நேரம்தான், கம்பத்தில் இருக்கமாட்டான். கூப்பிட்டேன்.

எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று, சனிக்கிழமை ஒரு நாள், காலை ஆறு மணிக்கு வேன், நான்காவது இடத்தில் உன் பெயரை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. சாயந்தரம் வந்து நானே கையெழுத்துப் போடுதேன்" என்றான்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் அதற்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சார், நீங்க வாறீங்களா?"

கர்த்தருக்குச் சித்தமானால் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அறுபது வருடப் பழக்கம்.

"வாறேன்" என்றேன்.